'ரோஜர் அண்ட் மீ' பார்த்தவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள்?

இந்த ஆவணப்படத்தை எடுத்த மைக்கேல் மூர் தேதிகளை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டது உண்மைதான், தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில், பாயான் பாருவில் நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து 'ரோஜர் அண்ட் மீ' பார்த்தீர்கள், படம் முடிந்ததும் சண்டை வந்துவிட்டது, பாதிப் பேருக்குக் கண் கலங்கியது, மீதிப் பேர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு "இந்த ஆள் ஏமாற்றியிருக்கிறான்" என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். யார் பக்கம் நியாயம், எங்கேயோ அமெரிக்காவில் மூடிய கார் தொழிற்சாலைக்கு நாம் ஏன் இவ்வளவு சூடாக வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். நான் முப்பது வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னிஷியனாக வேலை செய்தவன். இரண்டு ஆள்குறைப்பைப் பார்த்தவன், அதில் ஒன்றில் என் பெயரும் பட்டியலில் இருந்தது. இந்தப் படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

படம் பார்க்காதவர்களும் படிப்பார்கள் என்பதால் கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்று ஒரு ஊர். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனி, சுருக்கமாக ஜிஎம், பிறந்த ஊர். 1936 டிசம்பர் கடைசியில் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, 44 நாள் வெளியே வராமல் போராடி, கார் தொழிலாளர் சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கியதும் அங்கேதான். எழுபதுகளின் கடைசியில் அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 80,000 பேர் ஜிஎம்மில் வேலை பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். மைக்கேல் மூர் அந்தப் பக்கத்துப் பையன், அப்பா ஜிஎம்மின் ஸ்பார்க் பிளக் தொழிற்சாலையில் இருந்தவர். ஜிஎம் தலைவர் ரோஜர் ஸ்மித்தைப் பிடித்து "ஒருநாள் ஃப்ளின்ட்டுக்கு வாருங்கள், நீங்கள் வீட்டுக்கு அனுப்பியவர்களைப் பாருங்கள்" என்று கூப்பிடுவதற்காக அவர் கேமராவோடு அலைவதுதான் படம். லிஃப்ட்டில் ஏற விடமாட்டார்கள், கிளப்பில் உட்கார விடமாட்டார்கள், பங்குதாரர் கூட்டத்தில் மைக்கை மூடிவிடுவார்கள். 1989-ல் வந்தது. சுமார் 160,000 டாலரில் எடுத்ததை வார்னர் பிரதர்ஸ் 3 மில்லியன் டாலருக்கு வாங்கியது.

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். இதை இணையத்தில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. படம் வந்த வருடமே ஹார்லன் ஜேக்கப்சன் என்ற பத்திரிகையாளர் 'ஃபிலிம் கமென்ட்' இதழுக்காக மூரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டார். படம் பார்க்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது? 1986-ல் ஜிஎம் 11 தொழிற்சாலைகளை மூடுகிறது, ஃப்ளின்ட்டில் 30,000 பேர் தெருவுக்கு வருகிறார்கள், அதற்குப் பிறகு ரீகன் வந்து வேலையில்லாதவர்களுக்குப் பீட்சா வாங்கிக் கொடுக்கிறார், ஒரு டிவி பாதிரியார் வந்து தைரியம் சொல்கிறார், ஊர்ப் பெரியவர்கள் சுற்றுலாவை நம்பிப் பெரிய ஹோட்டலும் 'ஆட்டோவேர்ல்ட்' என்ற கேளிக்கைப் பூங்காவும் கட்டுகிறார்கள், எல்லாம் ஊத்திக்கொள்கிறது. இப்படித்தானே?

ஆனால் ரீகன் அந்தப் பீட்சா சாப்பிட்டது 1980-ல், அதிபராவதற்கு முன்னால், ஓட்டுக் கேட்டு வந்தபோது. ஆட்டோவேர்ல்ட் 1984 ஜூலையில் திறந்து, 1985 பிறந்த கையோடு மூடிவிட்டது. 1986-ல் அறிவித்த 11 மூடலும் ஃப்ளின்ட்டில் மட்டும் இல்லை, நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடந்தவை. 30,000 என்ற எண் இட்டுக்கட்டியது இல்லை, ஆனால் ஃப்ளின்ட்டில் அது ஒரே வெட்டில் போகவில்லை, பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓட்டைக் குடத்தில் தண்ணீர் போவது மாதிரி போனது. 2007-ல் வேறு இரண்டு பேர் எடுத்த ஒரு ஆவணப்படம், மூர் ஸ்மித்திடம் ஒரு கூட்டத்தில் கேள்வி கேட்டுப் பதிலும் வாங்கியிருக்கிறார் என்று கிளப்பியது. அது இந்தப் படத்தைத் தொடங்குவதற்கு முன்னால், வேறு விஷயமாக என்று மூர் சொல்லிவிட்டார். இந்தக் கடைசிச் சங்கதி எனக்குப் பெரிதாகப் படவில்லை. தேதிகள் பெரிதாகப் படுகின்றன.

இதற்கு மூர் சொன்ன பதில், இது 1986-ஐப் பற்றிய அறிக்கை இல்லை, எண்பதுகளில் ஒரு ஊருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றிய படம் என்பது. ரோஜர் ஈபர்ட் மாதிரி விமர்சகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், நையாண்டிக்குப் போய் நாள்காட்டியை நீட்டாதீர்கள் என்கிற மாதிரி எழுதினார்கள். நியூயார்க்கரில் பாலின் கேல் ஒரேயடியாகச் சாத்தினார். அவருக்குத் தேதியைவிடச் சிரிப்புதான் உறுத்தியது. ஏழை எளியதுகளைக் காட்டி நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, அதே நேரத்தில் நாம் நியாயத்தின் பக்கம் நிற்கிறோம் என்ற திருப்தியையும் சேர்த்துக் கொடுக்கிறது இந்தப் படம் என்று எழுதினார். எல்லாரும் பேசிய படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் 2013-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இப்போது என் கட்சி. மாற்றியது தப்பு. ஆனால் "ஏமாற்றிவிட்டான், ஆகவே படம் பொய்" என்று உங்கள் நண்பர்கள் சொல்கிறார்களே, அதற்காக இல்லை. உண்மையில் நடந்த வரிசை, மூர் காட்டிய வரிசையைவிட மோசமானது. கையில் கூர்மையான கத்தியை வைத்துக்கொண்டு மொண்ணைக் கத்தியால் வெட்டியிருக்கிறார் மனுஷன்.

எப்படி என்று பாருங்கள். படத்தின் வரிசைப்படி ஆட்டோவேர்ல்ட் என்பது வேலை எல்லாம் போன பிறகு ஊர்க்காரர்கள் பதற்றத்தில் செய்த கோமாளித்தனம். பார்க்கிறவன் சிரிப்பான், பாவம் என்பான், விட்டுவிடுவான். நிஜ வரிசைப்படி பெரிய மூடல்களுக்கு முன்னாலேயே, பியூக், ஃபிஷர் பாடி என்ற ஜிஎம் தொழிற்சாலைகள் இன்னும் ஷிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தபோதே, 70 மில்லியன் டாலருக்கு மேல் போட்டு, கார் தொழிலாளிக்கு ஒரு அருங்காட்சியகம் மாதிரி இதைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பொம்மைத் தொழிலாளி இருக்கிறான், படத்திலேயே வரும், கவனித்தீர்களா? அவன் தன் வேலையைப் பிடுங்கப்போகிற ரோபோவைப் பார்த்து, நண்பா என்று பாட்டுப் பாடுகிறான். ஆள் உயிரோடு வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கும்போதே கருமாதிப் பந்தல் போட்ட மாதிரி. எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் வேலை போயிருந்தது, வரப்போவது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தும் கையில் இருந்த பணத்தை இதில் போட்டார்கள். இதைத் தேதி போட்டுச் சொல்லியிருந்தால் யாராலும் வாய் திறக்க முடியாது.

கம்பெனி பக்கமும் அப்படித்தான். ரோஜர் ஸ்மித் காலத்தில் ஜிஎம்மிடம் பணமில்லாமல் இல்லை. 1984-ல் இடிஎஸ் என்ற கணினி நிறுவனத்தை இரண்டரை பில்லியன் டாலருக்கும், அடுத்த வருடம் ஹியூஸ் விமான நிறுவனத்தை 5 பில்லியனுக்கும் வாங்கினார்கள், அதோடு பல பில்லியனை ரோபோக்களில் கொட்டினார்கள். 1986 நவம்பரில் 11 தொழிற்சாலைகளை மூடுகிறோம் என்று அறிவிப்பு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 1-ஆம் தேதி, இயக்குநர் குழுவில் ஸ்மித்தோடு ஓயாமல் மல்லுக்கு நின்ற ராஸ் பெரோவை வெளியே அனுப்ப, அவர் பங்குகளுக்கு என்று சுமார் 700 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். ஒரு நாற்காலியைக் காலி செய்ய 700 மில்லியன். இதற்கு எந்தத் தேதியையும் நகர்த்த வேண்டியதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

பார்த்தவர்கள் ஏன் இரண்டாகப் பிரிகிறார்கள் என்று கேட்டீர்களே, அதற்கு விமர்சகர்களைவிட எங்கள் வீட்டு ஹால்தான் எனக்கு நல்ல பதில் சொன்னது. மூன்றாவது தடவை பார்த்தபோது ரிலாவ்வில் எங்கள் ஃப்ளாட்டில் நாலு பேர். நான், எண்பதை நெருங்கும் என் அம்மா, பத்து காவானில் வேலை பார்க்கும் என் மகள், அப்புறம் என்னோடு ஒரே கம்பெனியில் இருந்து மேனேஜராக ஓய்வு பெற்ற நண்பர்.

அந்த முயல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பார்வையாளர்கள் அதிகம் பேசிய காட்சி அதுதான். ஒரு பெண் வீட்டுப் பின்புறத்தில் முயல் வளர்த்து விற்கிறாள், வளர்க்க வேண்டுமா, கறிக்கு வேண்டுமா என்று பலகை வைத்திருக்கிறாள். மடியில் வைத்துத் தடவிக் கொடுத்த முயலை அடுத்து அடித்துத் தோலை உரிக்கிறாள். என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நண்பர் சங்கடமாகச் சிரித்தார். அம்மா மட்டும் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு மூஞ்சியத் திருப்புறீங்க, நல்லாத்தானே உரிக்கிறா" என்றார். பிறகு, "எத்தன வெள்ளிக்கு விக்கிறா?" தோட்டத்தில் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டுக்குப் பின்னால் ஆடும் கோழியும் வளர்த்துத் தீபாவளிக்கு அறுத்தவர் அவர். சம்பளம் பத்தாதபோது கை என்ன செய்யும் என்று தெரிந்தவருக்கு அதில் விநோதமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. பாலின் கேல் சொன்ன குற்றம் எங்கள் வீட்டில் பாதி உண்மையாயிற்று, பாதி ஆகவில்லை. யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சிரிப்பு.

அப்புறம் அந்த வீடு காலி செய்யும் காட்சிகள். துணை ஷெரீஃப் ஒருவர் கதவைத் தட்டி, உள்ளே போய், சாமான்களை வெளியே வைக்கிறார். அவரும் முன்பு கார் தொழிற்சாலையில் இருந்தவர்தான். கடைசியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு குடும்பத்தை வெளியேற்றி, அலங்காரத்தோடு நின்ற மரத்தையும் தூக்கித் தெருவோரம் வைக்கும்போது, மறுபக்கம் ரோஜர் ஸ்மித் கிறிஸ்துமஸ் உரை ஆற்றிக்கொண்டிருப்பார். அம்மா அதைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அது கம்பெனி வூடா, வாடக வூடா?" வாடகை வீடு என்றேன். "அப்ப வெளிய தள்ளுறது வேற ஆளு. நம்மளத் தள்ளுனது கம்பெனியேதான."

எனக்கு அதற்குமுன் இந்த வித்தியாசம் தோன்றியதே இல்லை. ஃப்ளின்ட்டில் வேலை போன பிறகு சில மாதம் கழித்து வாடகை பாக்கியாகி, அப்புறம் ஷெரீஃப் வருகிறார். நம் தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தது. செபராங் பிறையின் தெற்கே நாங்கள் இருந்த தோட்டத்தைத் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் விற்றபோது, காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில் நின்று கேட்ட ஒரே அறிவிப்பில் வேலை, லயம், பிள்ளைகள் நடந்து போன தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயிலுக்குப் போகும் பாதை எல்லாம் சேர்ந்து போனது. அப்பா லோரியில் இடமில்லை, அம்மிக்கல்லை விட்டுவிட்டு வா என்றார். அம்மா விடவில்லை, மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தார். அது இன்றைக்கும் எங்கள் ஃப்ளாட்டின் பின்பக்கம் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதில் அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து மணி அடிப்பார். தோட்டத்தில் பாதி இப்போது வீட்டு மனை, மீதி கோல்ஃப் மைதானம். அதனால்தான் படத்தில் வயதான பணக்காரச் சீமாட்டிகள் கோல்ஃப் ஆடிக்கொண்டே, வேலையில்லாதவர்கள் சோம்பேறிகள் என்கிற மாதிரி பேசும் காட்சியில் அமெரிக்கர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் நண்பர் வேறு படம் பார்த்தார். அவருக்கு ஜிஎம்முக்காகப் பேசும் அந்த அதிகாரியைத்தான் பிடித்திருந்தது. கம்பெனி லாபம் பார்க்கத்தான் இருக்கிறது, நஷ்டத்தில் மூழ்கிவிட்டால் யாருக்குப் பிரயோசனம் என்று அவர் பொறுமையாக விளக்கும்போது, நண்பர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "சொல்றதுல தப்பு என்ன? மூடாம இருந்தா ஜப்பான்காரன் மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிருப்பான்." அதுவும் நியாயம் இல்லாத பேச்சு இல்லை, ஜிஎம்மின் சந்தைப் பங்கு அந்தப் பத்து வருடத்தில் சரிந்துகொண்டேதான் போனது, கடைசியில் 2009 ஜூன் 1-ல் கம்பெனியே திவாலுக்கு விண்ணப்பித்தது. ஆனால் படம் முடிகிற நேரத்தில் ஒரு செய்தி வரும். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த அதே அதிகாரியையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நண்பர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். 2001-ல் மின்னணுத் தொழில் படுத்தபோது எங்கள் அமெரிக்கக் கம்பெனியில் எனக்கு ஆள்குறைப்புக் கவர் கொடுத்தது அவர்தான். பதிமூன்று வருட வேலை. மலேசியாவின் 1980-ஆம் ஆண்டு ஆள்குறைப்பு விதிப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். எனக்கு 260 நாள் சம்பளம் வந்தது. அதோடு சரி. சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை இழப்புக் காப்புறுதி எல்லாம் 2018-ல்தான் வந்தது, அப்போது கிடையாது. கவரைக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அறையில் ஏசி ரொம்பக் குளிராக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்காக நான் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரே சோபாவில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கும்போது, அவர் கதவைத் தட்டுகிறவரின் பக்கமிருந்தும் நான் கதவுக்கு உள்ளேயிருந்தும்தான் பார்க்க முடியும், வேறு எப்படிப் பார்ப்பது?

மகளுக்கு வேறு கோபம். "வேலை இல்லைன்னா வேற ஊருக்குப் போகலாமே, ஏன் அங்கேயே உக்காந்திருக்காங்க?" போனார்கள், கண்ணு. சாமான் ஏற்றும் லாரி கிடைக்காத அளவுக்குப் போனார்கள். 1960-ல் ஏறக்குறைய 197,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 81,000 சொச்சம் பேர்தான். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் வீட்டை யார் வாங்குவது? இருபது வருடம் கடன் கட்டிய வீடு கையில் இருக்கிறது, விற்றால் காசில்லை, விடவும் மனசில்லை. மிச்சம் இருப்பவர்கள் கெட்டிக்காரத்தனம் குறைந்தவர்கள் என்று ஆகிவிடாது.

படம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும், இது மூரை எதிர்ப்பவர்கள்கூட அதிகம் பேசாதது. அந்தக் கார் தொழிலாளர்கள் நம்மைப்போல் வெறுங்கையோடு வெளியே வந்தவர்கள் இல்லை. சங்கம் 1955-லேயே பேசி வாங்கிய ஒரு நிதி இருந்தது, வேலை நிறுத்தி வைக்கப்பட்டால் அரசாங்கம் தரும் உதவிக்கு மேல் கம்பெனி நிதியிலிருந்தும் கொஞ்ச காலத்துக்குப் பணம் வரும். 1984 ஒப்பந்தத்தில் ரோபோவால் வேலை போனவர்களுக்கு என்று தனிப் பாதுகாப்பு வாங்கினார்கள். ஆனால் எல்லாம் சேவை வருடத்தைப் பொறுத்தது, கடைசியில் சேர்ந்தவன் முதலில் வெளியே. அதனால் முதலில் நொறுங்கியது பழைய கார் தொழிலாளி இல்லை. நேற்றுச் சேர்ந்தவன், சங்கமே இல்லாத சின்னப் பட்டறைக்காரன், தொழிலாளி காசை நம்பிக் கடை வைத்தவன், முடி வெட்டுகிறவன். முயல்காரி மாதிரி. இதை விளக்கியிருந்தால் ஏற்றத்தாழ்வு மேலே ரோஜருக்கும் கீழே தொழிலாளிக்கும் நடுவில் மட்டும் இல்லை, தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவிலும் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். நம் பக்கம் பாருங்கள், மின்னணுத் தொழிலாளர்களுக்கு 1988 வரை சங்கமே வைக்க விடவில்லை, அப்புறமும் அந்தந்தக் கம்பெனிக்குள் மட்டும், வட்டாரச் சங்கத்துக்கு வழி பிறக்க 2009 தாண்ட வேண்டியிருந்தது. நான் கவர் வாங்கியபோது ரோஜர் மாதிரி யாரைத் தேடிப் போவது என்றுகூட எனக்குத் தெரியாது. முதலாளி கலிஃபோர்னியாவில், படத்தில்கூடப் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, நமக்கு ஏன் இவ்வளவு சூடு. கொஞ்சம் கசப்பாக இருக்கும். அந்தக் கதையில் நாம் ஃப்ளின்ட் இல்லை, தம்பி. முதலில் நாம் மெக்சிகோ. படத்தில் ஆரம்பத்திலேயே வருமே, வேலை சம்பளம் குறைந்த மெக்சிகோவுக்குப் போகிறது என்று. காருக்கு மெக்சிகோ என்றால் கணினிச் சில்லுக்குப் பினாங்கு. 1969-ல் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி போய், ஜார்ஜ்டவுனில் வேலையில்லாமல் பிள்ளைகள் திரிந்த காலம். லிம் சொங் யூ முதல்வராக வந்து, 1972-ல் பாயான் லெப்பாஸில் நெல்வயலை மேடாக்கிச் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தார்கள், இன்டெல் அந்த வருடமே வந்தது, ஹெச்பி, ஏஎம்டி, பாஷ், ஹிட்டாச்சி எல்லாம் அந்தக் காலத்துக் கூட்டம். தோட்டத்தை விட்டு வந்த நம் அக்காமார்கள் கம்பெனி பஸ் ஏறி ராத்திரி ஷிஃப்டில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார்கள். அங்கே யாரோ ஒருவர் இதே வேலையைச் செய்து இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார் என்று நாம் யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நாமும் ஃப்ளின்ட் ஆகிற முறை வந்தது. 1985-ல் பொருளாதாரம் சுருங்கியபோது ஒரு தடவை, 2001-ல் ஒரு தடவை, 2008-09-ல் ஒரு தடவை. பினாங்கு ஃப்ளின்ட் மாதிரி மூடிப்போகவில்லை, ஒன்று போனால் இன்னொன்று வந்தது, அதுதான் நமக்கு அதிர்ஷ்டம், ஒரே கம்பெனியை நம்பிய ஊராக இல்லாமல் இருந்தது. ஆனால் தீவு தப்பித்தது என்றால் அதில் இருந்த ஒவ்வொருவனும் தப்பித்தான் என்று அர்த்தமில்லை. ஷா ஆலாமில் 1972-லிருந்து ஓடிய குட்இயர் டயர் தொழிற்சாலை 2024 ஜூனில் மூடியபோது 550 பேர். செய்தியில் இரண்டு பத்தி வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் படம் முடிந்த பிறகு நண்பர் ஒரு கேள்வி போட்டார், அந்தத் தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு தொழிற்சாலையை வாங்கியிருக்கக் கூடாதா என்று. கார் தொழிற்சாலை வாங்குகிற விலையா? ஆனால் நம்மவர்கள் அப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். ஐம்பதுகளில் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போனபோது, 1960-ல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி, 10 வெள்ளியாகச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக வாங்கினார். அம்மா அந்த 10 வெள்ளிக்காகத் தாத்தா புலம்பியதையும், ரசீதைத் தகர டப்பாவில் வைத்திருந்ததையும் சொன்னார். எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை, எங்களுடையது உட்பட. ஆனாலும் முதலாளி நம்மைப் பார்க்க வருவாரா என்று லிஃப்ட் வாசலில் நிற்பதைவிட அது நல்ல வேலை. மூரின் படத்தில் எனக்குக் குறையாகத் தெரிவதும் அதுதான். 1936-37-ல் 44 நாள் உள்ளே உட்கார்ந்த ஊரில், 1987 டிசம்பரில் அதே ஃபிஷர் பாடி ஒன்றாம் எண் தொழிற்சாலை மூடியபோது, சங்கம் என்ன செய்தது, ஏன் எதிர்ப்பு இவ்வளவு மெலிந்து போனது என்று அவர் ஆழமாகக் கேட்கவில்லை. ரோஜரைத் தேடுவது நல்ல சினிமா, சங்கத்தைத் தேடினால் சண்டை சொந்த வீட்டுக்குள் வரும்.

படம் வந்த பிறகு அந்த ஊருக்கு நடந்ததையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். கையில் காசில்லாத நகரத்தை நடத்த மாநிலம் ஓர் அதிகாரியை நியமித்தது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்கவில்லை, பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. அந்த வருடம் அக்டோபரில் ஜிஎம், இந்தத் தண்ணீரில் எங்கள் இன்ஜின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி, தன் தொழிற்சாலைக்கு மட்டும் வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டது. ஊர் மக்களுக்குப் பழைய தண்ணீர் திரும்பி வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. இரும்புக்கு ஆகாத தண்ணீரை அதுவரைக்கும் பிள்ளைகள் குடித்தார்கள். இதில் தேதியை யாரும் மாற்றவில்லை.

அதனால் உங்கள் கூட்டத்தில் யார் சரி என்றால், தேதி பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள், பார்த்ததோடு எழுந்து போய்விட்டார்கள். அழுதவர்களும் பொய்க்கு அழவில்லை. இன்னொரு தடவை போடுங்கள். இந்தத் தடவை ஒருவர் கையில் தாளை வைத்துக்கொண்டு, பீட்சா வரும்போது 1980, பூங்கா வரும்போது 1984 என்று சத்தமாகச் சொல்லட்டும். நான் நாலாவது தடவை அப்படித்தான் பார்த்தேன். அந்த நண்பரையும் மறுபடி கூப்பிட்டிருந்தேன், வந்தார். பூங்கா காட்சியில் நான் 1984 என்றதும், "அப்ப முன்னாடியே தெரியுமா அவங்களுக்கு?" என்று கேட்டார். "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றேன். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துவிட்டு, "மூணு மாசம் முன்னாடி" என்றார்.